பில் போடும்வரைதான் வாடிக்கையாளர்

தேனியிலிருந்து புனேவுக்கு இரண்டு இலவம்பஞ்சுத் தலையணைகள் அனுப்ப வேண்டியிருந்தது. அங்கே வேலை பார்க்கும் மகளுக்குக் கழுத்துவலி. செயற்கைப் பஞ்சு ஒத்துவரவில்லை, நம் ஊர்த் தலையணைதான் வேண்டும் என்றாள். போடி பக்கத்துப் பஞ்சு வாங்கி, தைக்கக் கொடுத்து, அட்டைப்பெட்டி தேடிப் பிடித்துக் கட்டி, தெருமுனைக் கூரியர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தராசு மூன்று கிலோ காட்டியது. கவுன்டரில் இருந்தவர் டேப்பை எடுத்துப் பெட்டியை மூன்று பக்கமும் அளந்தார். கீபோர்டைத் தட்டினார்.

"பதினேழு கிலோ வருது சார்."

"தராசுல மூணுதானே காட்டுது?"

"சிஸ்டம் அப்படித்தான் எடுக்குது. போடவா, வேணாமா? பின்னாடி ஆள் நிக்குறாங்க."

போட்டேன். தலையணை விலையைவிட அனுப்பும் கூலி அதிகம். அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. நான்கு நாள் டிராக்கிங்கில் ஒரே வரி. போன் செய்தால் "வந்துரும் சார்". மூன்றாவது முறை எடுக்கவில்லை. ஆறாவது நாள் "வீடு பூட்டியிருந்தது" என்று குறுஞ்செய்தி. அன்று மகள் முழுநாளும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். காலிங்பெல் அடிக்கவே இல்லை.

கோபம் முதலில் அந்தக் கவுன்டர்காரர் மேல்தான் வந்தது. பிறகு அந்தத் தொழிலில் இருந்த இரண்டு மூன்று பேரிடம் பேசிப் பார்த்தபோது கோபத்தின் முகவரி மாறியது. அவர் நல்லவராகவே இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது. அந்தக் கடை கட்டப்பட்டிருக்கும் விதமே அப்படி.

பெயர்ப்பலகையில் நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருக்கும். ஆனால் பெரும்பாலான ஊர்களில் அந்தக் கடை நிறுவனத்துடையது அல்ல. உள்ளூர்க்காரர் ஒருவர் முன்பணம் கட்டி எடுத்த பிரான்சைஸி. கடை வாடகை, கரண்ட் பில், கவுன்டரில் இருக்கும் பையனின் சம்பளம் எல்லாம் அவர் கைக்காசு. பக்கத்திலேயே ஜெராக்ஸ் மெஷினும் ரீசார்ஜும் பஸ் டிக்கெட் புக்கிங்கும் நடக்கும். கூரியர் மட்டும் வைத்துக் கடை ஓட்டுவது சின்ன ஊர்களில் கஷ்டம். அவருக்கு வருமானம் புக்கிங்கின்போது வருகிறது. பில் தொகையில் ஒரு பங்கு அவருக்கு, மீதி கம்பெனிக்கு. சாயங்காலம் வண்டி வந்து மூட்டையை எடுத்துக்கொண்டு போனதும் அந்தப் பார்சலில் அவருக்குச் சம்பாதிக்க இனி எதுவும் இல்லை.

இந்த இடத்தில்தான் முடிச்சு இருக்கிறது. பில் போடும்வரை நாம் வரவு. பில் போட்ட பிறகு நாம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அவருக்குச் செலவு. ஒரு பார்சலைத் தேடிப் பத்து நிமிடம் போனில் நின்றால் கூடுதலாகப் பத்துப் பைசா கிடைக்காது. அந்த நேரத்தில் வரிசையில் நிற்கும் இரண்டு பேர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். சிரித்த முகத்தோடு பார்சலை வாங்கியவர் நான்காம் நாள் முகம் திருப்பிக்கொள்வதற்கு ஜாதகக் கோளாறு காரணமில்லை.

இன்னொன்று, அவரிடம் தகவலும் இல்லை. கடைக்காரருக்கு உள்ளே ஏதோ ரகசியத் திரை இருக்கிறது, அதில் நம் பெட்டி எந்த லாரியில் எந்த மூலையில் கிடக்கிறது என்று தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அவர் பார்ப்பதும் நம் கைபேசியில் வருவதும் ஒரே டிராக்கிங்தான். பெட்டி ஒவ்வொரு கிலோமீட்டரிலும் தன் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டு போவதில்லை. கை மாறும் இடத்தில் யாராவது பார்கோடை ஸ்கேன் செய்தால்தான் ஒரு வரி கூடும். தேனியிலிருந்து மதுரை, அங்கிருந்து பெரிய ஹப் (மூட்டைகளைப் பிரித்து அனுப்பும் கிடங்கு), அங்கிருந்து மகாராஷ்டிரம் என்று மூட்டைக்குள் மூட்டையாகப் போகும்போது, மூட்டையைத்தான் ஸ்கேன் செய்வார்கள், உள்ளே இருக்கும் பெட்டியை அல்ல. ஹப்பில் மூட்டை பிரிக்காமல் கிடந்தால் நம் திரையில் நான்கு நாளும் ஒரே வரிதான். "வந்துரும் சார்" என்பது பொய் அல்ல, ஆறுதலும் அல்ல. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தப் பதினேழு கிலோ விஷயத்துக்கு வருகிறேன். அதில் மோசடி இல்லை. ஆனால் யாரும் விளக்குவதும் இல்லை. இதை வால்யூம் வெயிட் என்பார்கள். லாரியிலோ விமானத்திலோ தீர்ந்துபோவது எடை மட்டுமல்ல, இடமும்தான். பஞ்சு மூட்டை ஏற்றிய வண்டி எடையால் நிரம்பாது, இடத்தால் நிரம்பிவிடும். அதனால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஒரு எண்ணால் வகுக்கிறார்கள். கூரியர் தொழிலில் பரவலாக இருப்பது 5000. தரைவழிச் சேவைக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். என் பெட்டி 60க்கு 45க்கு 30. பெருக்கினால் 81,000. ஐயாயிரத்தால் வகுத்தால் 16.2, மேல்நோக்கி முழுதாக்கினால் 17. தராசு எடை, இந்தக் கணக்கு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பில். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

கணக்கு நியாயமானதுதான். அதைச் சொல்ல அரை நிமிடம் போதும். கவுன்டரில் ஒரு அட்டையில் எழுதி ஒட்டிவைத்தால் அந்த அரை நிமிடமும் மிச்சம். நான் பார்த்த கடைகளில் திருஷ்டிப் பூசணிக்காய் படம் ஒட்டியிருந்தது, சாமி படம் இருந்தது, 'கடன் கேட்காதீர்' இருந்தது. இந்த ஒரு கணக்கு மட்டும் இல்லை. தராசு பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கடையில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசு ஆண்டுக்கொருமுறை அரசு முத்திரை ஆய்வாளரிடம் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் உள்ள விதி அது. காய்கறிக் கடையில் தராசை உற்றுப் பார்க்கிற நாம் கூரியர் கடையில் அதன் திரை நம் பக்கம் திரும்பியிருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை.

"பொருள் வாங்குன பில் இல்லாம எடுக்க மாட்டோம்" என்பதும் அடிக்கடி கேட்கும் குரல். அதுவும் திமிர் என்றுதான் தோன்றும். ஆனால் பார்சல் மதிப்பு ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு ஈ-வே பில் (ஜிஎஸ்டி விதிப்படி சரக்கோடு போகவேண்டிய மின்னணுச் சீட்டு) வேண்டும். சோதனையில் வண்டி மாட்டினால் உள்ளே இருக்கும் எல்லோருடைய பார்சலும் ரோட்டில் நிற்கும். அந்தப் பயத்தில் கம்பெனி மேலிருந்து உத்தரவு போடுகிறது. கீழே இருப்பவர் எல்லாப் பார்சலுக்கும் ஒரே விதியைப் பிடித்துக்கொள்கிறார். பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு ஈ-வே பில் தேவையில்லை என்று ஜிஎஸ்டி விதியிலேயே விலக்கு இருப்பது அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத சங்கதி. பயிற்சி என்று பார்த்தால், சாஃப்ட்வேரில் எந்தப் பட்டனை அழுத்துவது என்பதோடு முடிந்துவிடுகிறது.

போய்ச் சேரும் ஊரில் என்ன நடக்கிறது என்பது இன்னும் சுவாரசியம். அங்கே பார்சலை வீட்டுக்குக் கொண்டுவருபவர் பெரும்பாலும் வேறொரு முகவரின் ஆள். நாம் தேனியில் கட்டிய பணத்தில் அவருக்குப் போவது ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்ற சின்னத் தொகை. ஒரு பைக், முதுகில் தொங்கும் பை, நாளுக்கு இத்தனை வீடு. லிஃப்ட் இல்லாத நான்காவது மாடிக்கும் கேட் பக்கத்து வீட்டுக்கும் ஒரே காசு. சாயங்காலத்துக்குள் கையில் இருக்கும் எல்லாப் பார்சலுக்கும் ஏதாவது ஒரு பதிவு போட்டாக வேண்டும். டெலிவரி ஆனது, அல்லது ஆகாததற்கு ஒரு காரணம். காரணங்களின் பட்டியல் ஆப்பிலேயே இருக்கும்: வீடு பூட்டியிருந்தது, முகவரி சரியில்லை, வாங்குபவர் இல்லை. "எனக்கு நேரமில்லை" என்று ஒரு பட்டன் கிடையாது. அதனால் நேரமில்லாத நாளெல்லாம் நம் வீடு பூட்டிக்கிடக்கிறது.

இதில் அநியாயமாக மாட்டுவது வாங்குபவர்தான். பணம் கட்டியவர் அனுப்பியவர். வாங்குபவர் அந்தக் கம்பெனிக்கு ஒரு முகவரி மட்டுமே. புனேவில் என் மகள் நேரில் போய்க் கேட்டபோது "அனுப்பினவங்கள கம்ப்ளெயின்ட் போடச் சொல்லுங்க" என்றார்கள். நான் தேனியில் கேட்டபோது "அந்த ஊர் ஆபீஸ்லதான் பார்க்கணும்" என்றார்கள். பந்து இரண்டு ஊருக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தது. கம்பெனியின் கட்டணமில்லா எண்ணில் பேசியது ஒரு இயந்திரம். ஒன்றை அழுத்தச் சொன்னது, அழுத்தினால் டிராக்கிங் நம்பர் கேட்டது, கொடுத்தால் எனக்கு ஏற்கெனவே தெரிந்த அதே வரியைப் படித்தது.

இந்த அலைக்கழிப்பில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. கடை போன் எடுக்காதபோது பலரும் கம்பெனி பெயரைப் போட்டு இணையத்தில் கஸ்டமர் கேர் எண் தேடுகிறார்கள். அங்கே போலி எண்களை விதைத்துவைத்துக் காத்திருக்கும் கும்பல் உண்டு. "முகவரி சரிபார்க்க ஐந்து ரூபாய் கட்டுங்கள்" என்று ஒரு லிங்க் வரும். ஐந்து ரூபாயில் ஆரம்பித்துக் கணக்கு காலியாகும். அப்படி மாட்டிக்கொண்டால் தாமதிக்காமல் 1930க்கு அழைக்க வேண்டும். மோசமான சேவை என்பது வெறும் எரிச்சலோடு முடிவதில்லை. பணம் பறிக்கும் கூட்டத்துக்கு வாசல் திறந்துவைப்பது அந்த எடுக்கப்படாத போன்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? பார்சல் தொலைந்தால் முழுப் பணமும் கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் டாக்கெட்டின், அதாவது புக்கிங் ரசீதின், பின்பக்கத்தைப் படித்ததில்லை என்று அர்த்தம். (படிக்க முடியாத அளவுக்குப் பொடி எழுத்து என்பது வேறு விஷயம்.) 'எங்கள் பொறுப்பு இவ்வளவு ரூபாய் வரை மட்டுமே' என்ற வரி அங்கே இருக்கும். அந்த வரிக்குப் பலம் கொடுத்தது 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு. பாரதி நிட்டிங் கம்பெனி என்ற பின்னலாடை நிறுவனம் 1990 மே மாதம் ஜெர்மனியில் இருந்த வாங்குநருக்குச் சரக்கு ஆவணங்களை டிஹெச்எல் கூரியர் மூலம் அனுப்பியது. கவர் போய்ச் சேரவில்லை. ஜூலையில் நகல் ஆவணங்கள் போய்ச் சேர்ந்தபோது கோடைப் பருவ விற்பனை முடிந்திருந்தது. வாங்குநர் விலையைக் குறைத்துவிட்டார். மாநில நுகர்வோர் ஆணையம் நான்கு லட்சத்துக்கும் மேலே இழப்பீடு கொடுத்தது. தேசிய ஆணையம் அதை ஒப்பந்தத்தில் இருந்த நூறு டாலராகக் குறைத்தது. உச்ச நீதிமன்றமும் நூறு டாலர்தான் என்றது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் பொறுப்புக்கு ஒரு எல்லை எழுதியிருந்தால் அதற்குக் கட்டுப்பட்டவர்தான் என்பது அதன் சாரம்.

அந்தத் தீர்ப்பு இன்றும் கம்பெனி வக்கீல்களின் கையில் முதல் ஆயுதம். ஆனால் அதற்குள்ளேயே ஒரு வழியும் இருக்கிறது: கையெழுத்து. நிபந்தனையில் வாடிக்கையாளர் கையெழுத்து இல்லை, யாரும் விளக்கிச் சொல்லவும் இல்லை என்று தெரிந்த வழக்குகளில், அந்தப் பொடி எழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது என்று நுகர்வோர் ஆணையங்கள் சொல்லியிருக்கின்றன. ஆகவே கவுன்டரில் "இங்க ஒரு சைன் போடுங்க" என்று பேனா நீட்டப்படும் அந்த இரண்டு நொடி நாம் நினைப்பதைவிடப் பெரிய விஷயம். டாக்கெட்டிலேயே 'ஓனர் ரிஸ்க்', 'கேரியர் ரிஸ்க்' என்று இரண்டு கட்டங்களும் இருக்கும். கேரியர் ரிஸ்க் என்றால் மதிப்பைச் சொல்லி, கூடுதலாகக் கொஞ்சம் கட்டவேண்டும். தொலைந்தால் பொறுப்பு அவர்களுடையது. எது வேண்டும் என்று என்னை யாரும் கேட்டதில்லை. டிக் எப்போதும் ஓனர் ரிஸ்க்கில்தான் விழுந்திருக்கும். கடைக்காரரைக் கேட்டால், "கூட காசு சொன்னா கஸ்டமர் ஓடிருவாங்க சார்" என்பார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இரண்டு நல்ல காரியங்கள் செய்தது. கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் சரி, நாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். சேவைக்குக் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்சினை நடந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற ஒரு புதிய கருத்தையும் அந்தச் சட்டம் கொண்டுவந்தது. ஒருதலைப்பட்சமான பொடி எழுத்துக்கு எதிராக அதைப் பிடிக்கலாமே என்று தோன்றும். வேடிக்கை என்னவென்றால், நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது. மாநில ஆணையத்துக்குத்தான் போகவேண்டும். தலையணைக்காரன் மாநில ஆணையம்வரை போய் வழக்காடுவானா? வழக்குக்கு முன் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. கவுன்டரில் நகராத காரியம் அங்கே புகார் பதிவானதும் சில நேரம் நகர்ந்துவிடுகிறது. கம்பெனியின் மேல்மட்டத்தில் யாரோ ஒருவர் பதில் எழுதியாக வேண்டிய கட்டாயம் வருவதால்.

தனியார்தான் இப்படி, தபால் ஆபீஸில் அனுப்பியிருக்கலாமே என்றார் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார். ஸ்பீட் போஸ்ட் 1986 ஆகஸ்டில் தொடங்கியது. கூரியர்களுக்கு எதிரான அரசின் பதில் அது. வரிசையாக நிற்கும் விதிகளும் ரசீதும் மேலதிகாரியும் அங்கே உண்டு. ஆனால் இழப்பீடு என்று வந்தால் அங்கும் கை இறுக்கம்தான். தொலைந்த ஸ்பீட் போஸ்டுக்குக் கட்டணத்தின் இரண்டு மடங்கு அல்லது ஆயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் நெடுங்காலமாக இருந்துவந்த விதி. 1898ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம் ஊழியர் வேண்டுமென்றே செய்தால் ஒழிய அரசுக்குப் பொறுப்பில்லை என்றது. அதை நீக்கிவிட்டு 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சல் சட்டமும், விதிகளில் சொல்லப்பட்டதைத் தவிர வேறு பொறுப்பில்லை என்றுதான் எழுதியிருக்கிறது.

பழைய சட்டத்தில் இன்னொரு சுவையான விஷயம் இருந்தது. கடிதம் கொண்டுபோகும் உரிமை அரசுக்கு மட்டுமே. கூரியர்கள் பல்லாண்டு காலம் கடிதங்களை 'டாக்குமென்ட்' என்று பெயர் மாற்றிக் கொண்டுபோனது அதனால்தான். இப்படிச் சட்டத்தின் ஓரத்தில் முளைத்து வளர்ந்த தொழில் என்பதாலோ என்னவோ, தொலைபேசிக்கு டிராய் இருப்பதுபோல, காப்பீட்டுக்கு ஐஆர்டிஏஐ இருப்பதுபோல, கூரியருக்கென்று ஓர் ஒழுங்குமுறை ஆணையம் இன்றுவரை அமையவில்லை. எத்தனை நாளில் சேர்க்கவேண்டும், புகாருக்கு எத்தனை நாளில் பதில் சொல்லவேண்டும், 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுத என்ன ஆதாரம் வேண்டும் என்பதையெல்லாம் கம்பெனிகளே தங்களுக்குத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. என்னைக் கேட்டால் கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒரு கறாரான விதி போதும். வாசலில் நின்றதற்கான இருப்பிடப் பதிவும் ஒரு போன் அழைப்பும் இல்லாமல் அந்தப் பட்டன் வேலை செய்யக்கூடாது. தொழில்நுட்பம் கையிலேயே இருக்கிறது. ஓடிபி வாங்காமல் சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூடக் கொடுக்காத காலம் இது.

பெரிய கம்பெனிகளுக்கு அந்த அக்கறை ஏன் வரவில்லை என்றால், நாம் அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர்கள் இல்லை. வங்கிகளின் செக் புத்தகங்கள், இணைய வியாபாரிகளின் பெட்டிகள், திருப்பூர்ச் சாம்பிள் மூட்டைகள் என்று மொத்தமாகத் தருபவர்களுக்கு மாதக் கணக்கு உண்டு, பேசித் தீர்த்த விலை உண்டு, பேர் சொல்லி அழைக்கிற ஒரு மேலாளர் உண்டு. வருடத்துக்கு இரண்டு முறை முறுக்கும் ஊறுகாயும் அனுப்பும் குடும்பத்துக்கு அந்தத் தெருமுனைக் கடை மட்டும்தான். அங்கே கேட்கிற "வந்துரும் சார்"தான் கம்பெனியின் முழு வாடிக்கையாளர் சேவையும்.

தலையணை ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தது. பெட்டி ஒரு மூலையில் நசுங்கியிருந்தது; பஞ்சுக்கு என்ன ஆகப்போகிறது. போன மாதம் மகளின் அறைத்தோழிக்கும் அதேபோல இரண்டு வேண்டும் என்றாள். இந்தமுறை பெட்டி தேடவில்லை. தலையணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அமுக்கி, சணல் கயிற்றால் இறுக்கி, காடாத் துணியில் வைத்துத் தைத்தேன். வீட்டிலேயே டேப் வைத்து அளந்தேன்: 50க்கு 35க்கு 20, ஏழு கிலோ. அதே கடை, அதே ஆள். அவரும் அளந்தார், தட்டினார், ஏழு என்றார். கேரியர் ரிஸ்க் போடச் சொன்னேன். ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டார். பில்லை நீட்டும்போது சொன்னார்: "போன தடவையே இப்படித் தச்சு எடுத்துட்டு வந்திருக்கலாமே சார். பஞ்சுச் சாமானை யாராவது பெட்டியில போடுவாங்களா?"